சரிவு நிலத்தில் விறகுக்கு மரம் வெட்டுவதும் இறக்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் எங்கள் குடும்பம் விறகு காலை, அதாவது விறகு அடுக்கி விற்கும் இடம், வைத்திருக்கிறது. பாண் போறணைகளுக்கும் கலியாண வீட்டுச் சமையலுக்கும் விறகு கொடுப்பதுதான் பழைய வியாபாரம். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றதே, அதற்குப் பிறகு வேறு ஒரு வகை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விறகு வாங்க வரவில்லை, யோசனை கேட்க வந்தார்கள். ஹங்வெல்லையில் அரை ஏக்கர், பாதுக்கையில் சீதனக் காணி, அவிசாவளைக்கு அந்தப் பக்கம் இறப்பர்த் துண்டு, கேகாலையில் அப்பா விட்டுப்போன நிலம். “மரம் நிற்கிறது, வெட்டிக் கொண்டுவரலாமா?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கொழும்பில் இருந்துகொண்டு இதெல்லாம் தெரிந்து என்ன பயன்? ஆள் வைத்துத்தானே வெட்டப் போகிறோம்?

ஆள் வைத்து வெட்டினாலும் காணி உங்களுடையது. வெட்டுகிறவர் இரண்டு நாளில் போய்விடுவார், அடுத்த மழையில் ஓடுவது உங்கள் மண். அது ஓடிப்போய்ச் சேர்வது கீழ் வீட்டுக்காரருடைய முற்றத்தில். எந்தப் பக்கம் விழுத்த வேண்டும், எந்த வழியாக இறக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் காணியில் நின்றால் வேலை வேறு மாதிரி நடக்கும்.

என் சொந்தக் காணியில் எந்த மரத்தையும் வெட்டலாம்தானே?

இல்லை. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்கிறது. சொந்தக் காணியாக இருந்தாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பலா என்றால் விறகுக்கு வெட்டவே மனம் வரக் கூடாது, அது வேறு கதை. பஞ்ச காலத்தில் எத்தனையோ வீட்டைக் காப்பாற்றிய மரம்.

மற்ற மரங்களை வெட்டுவது ஒன்று, வெட்டியதைத் தெருவில் கொண்டுபோவது இன்னொன்று. வன பாதுகாப்புச் சட்டப்படி பல இன மரங்களை லொறியில் ஏற்றிப் போக அனுமதிப் பத்திரம் வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம். உங்கள் காணியில் நிற்பது எந்த வகைக்குள் வருகிறது என்று மரம் நிற்கும்போதே கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வெட்டிப் போட்ட பிறகு போய் நின்றால், எந்த மரம், எங்கே நின்றது என்று நிரூபிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். காணி உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள்.

கூட்டுக் காணி என்றால் மற்றப் பங்குக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு இறப்பர் மரத்தால் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு விறகு தேவைப்படும்?

ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் காஸ் ஒரு கிலோவில் உள்ள சூட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. அதோடு மூன்று கல் அடுப்பில் முக்கால்வாசிச் சூட்டுக்கு மேல் காற்றோடு போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 140 கிலோ அளவில் காய்ந்த விறகு வேண்டும். அனகி என்கிற இரட்டைவாய் மண் அடுப்பில் எரித்தால் நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போதும். அடுப்பை மாற்றினாலே கால்வாசி மிச்சம். அதனால் வருகிறவர்களிடம் முதலில் அடுப்பைப் பற்றித்தான் கேட்பேன், மரத்தைப் பற்றி அப்புறம்தான்.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

ஜனவரி, பெப்ரவரி. மார்ச் நடுவோடு நிறுத்திவிடுங்கள். அவிசாவளை, கேகாலைப் பக்கம் சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், வைகாசியில் தென்மேற்குப் பருவமழை. வெட்டிக் கிளறிய சரிவு அந்த மழைக்கு வெறும் உடம்போடு நிற்கக் கூடாது. தையில் வெட்டினால் புல்லும் பூண்டும் தரையை மூட இரண்டு மாதமாவது கிடைக்கும். ஈரத் தரையில் வெட்டுகிறவர் வழுக்கி விழுவதும் வேறு.

எல்லா மரத்தையும் ஒரே தடவையில் வெட்டினால் கூலி குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். கூலி குறையும், உண்மை. ஆனால் சரிவில் மரம் நிற்பது விறகுக்காக மட்டுமா? வேர்தான் மண்ணைக் கட்டிவைத்திருக்கிற கயிறு. இதில் ஒரு விசயத்தைப் பலர் கவனிப்பதில்லை: வெட்டிய உடனே ஒன்றும் நடக்காது. வேர் செத்தாலும் முதல் மழைக்காலத்தில் இன்னும் பலமாகத்தான் இருக்கும். “பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை” என்று நிம்மதியாக இருப்போம். மெல்லிய வேர்கள் முதலில் அழுகும், பிறகு தடித்தவை. இரண்டு மூன்று வருடம் போய், வெட்டியதையே மறந்திருக்கும்போது ஒரு பெருமழையில் மண் கழன்று வரும். வேர் இருந்த இடம் ஓட்டையாகி, தண்ணீர் உள்ளே இறங்கவும் வழி கொடுக்கும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளை மண் மூடியதை நம் சனம் மறக்காது. 2016 மே மாதம் அரநாயக்கையிலும் அப்படி ஒரு மலை இறங்கி வந்தது. அங்கே மரம் வெட்டியதால்தான் ஆனது என்று சொல்ல வரவில்லை. நம் ஈரவலய மலைகளில் சரிவும் மழையும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவை சாட்சி. அப்படிப்பட்ட நிலத்தில் பிடிமானத்தை நாமாகக் கழற்றக் கூடாது.

ஆகவே மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள், அதையும் ஒரே இடத்தில் வெட்டாமல் விட்டுவிட்டு வெட்டுங்கள். அடுத்த தொகுதிக்குப் போகும் முன், வெட்டிய இடத்தில் நட்டது வேர் பிடித்திருக்க வேண்டும். ஓடைக்கரை மரத்தையும், வீட்டுக்கு நேர் மேலே நிற்கும் மரத்தையும் தொடாதீர்கள். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் கூட்டமாகச் சாய்ந்து நிற்பது, புதிதாக ஊற்று வந்து கலங்கல் தண்ணீர் கசிவது, இவற்றில் எதைக் கண்டாலும் கோடரியைக் கீழே வையுங்கள். மண்சரிவைக் கவனிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அறிவியுங்கள். மண் பாதுகாப்புக்கென்று 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. சரிவை எப்படியும் கையாளலாம் என்று எண்ண வேண்டாம்.

மரத்தை எந்தப் பக்கம் விழுத்த வேண்டும்? கீழ்ப்பக்கம் விழுத்தினால் இறக்குவது சுலபம்தானே?

சுலபம் மாதிரித் தெரியும். சமதரையில் மரம் விழும் தூரத்தை விடக் கீழ்ச்சரிவில் அதிக தூரம் சுற்றி வந்து விழும். அடி பலமாக இருக்கும், தண்டு பிளந்து சிதறும், அப்புறம் அம்பு மாதிரி கீழே வழுக்கிக்கொண்டு போகும். மேற்பக்கம் விழுத்தினாலோ அடிப்பகுதி துள்ளி, வெட்டியவரை நோக்கிப் பின்னால் வரலாம்.

சரிவுக்குக் குறுக்கே விழுத்துவதுதான் முறை. பக்கத்தில் நிற்கும் மரங்களோ பழைய அடிக்கட்டைகளோ கீழ்ப்பக்கம் அணைகொடுக்கும்படி இடம் பார்த்து விழுத்தினால் தண்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். உருளாது.

முப்பது சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள இறப்பர் மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விழவேண்டிய பக்கத்தில் முதலில் வாய் மாதிரி ஒரு வெட்டு, ஏழு எட்டு சென்ரிமீற்றர் ஆழம், அதற்கு மேல் வேண்டாம். பிறகு பின்பக்கமிருந்து, வாயின் அடியை விட இரண்டு விரற்கடை மேலே, படுக்கையாக அறுத்து வர வேண்டும். அப்படியே அறுத்துத் தள்ளிவிடக் கூடாது. நடுவில் மூன்று சென்ரிமீற்றர் அளவு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, விழும் மரத்துக்கு அந்த மூன்று சென்ரிமீற்றர் அப்படி. அது இருக்கும்வரை மரம் நாம் காட்டிய பக்கம் போகும். அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். வாளின் பின்னால் ஆப்பு ஒன்று செருகி, கோடரியின் பின்தலையால் மெல்லத் தட்டினால் மரம் கிளம்பும். பால் வடிந்து வாள் பட்டையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், மேலே இலை சலசலக்காமல் ஒரு கணம் நிற்கும், “டக்” என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் வாளை விட்டுவிட்டு, முன்பே துப்புரவாக்கி வைத்த வழியில், பின்பக்கமாகச் சாய்வாக மேலே போய்விட வேண்டும். நின்று பார்க்கக் கூடாது.

வெட்டுகிறவர் எப்போதும் மேற்பக்கம் நிற்கட்டும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் வேண்டாம். கீழ்ச்சரிவில் ஒருவருமே நிற்கக் கூடாது, தேநீர் கொண்டுவரும் பிள்ளை உட்பட.

விழும்போது பக்கத்து மரத்தில் சிக்கிக்கொண்டால்?

அதன் கீழே போகாதீர்கள். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டுவது, சிக்கியதன்மேல் இன்னொரு மரத்தை விழுத்துவது, ஏறிக் கிளை அறுப்பது, மூன்றும் உயிரைக் கேட்கும் வேலைகள். அடிப்பகுதியில் நீளக் கயிறு கட்டி, தள்ளி நின்று, பக்கவாட்டில் இழுத்துக் கழற்ற வேண்டும். அன்று முடியாவிட்டால் அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்துவிட்டு, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் நிற்கும் மரம்?

மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் தொடவே வேண்டாம்.

வெட்ட வருகிறவரிடம் என்ன பார்க்க வேண்டும்?

தலைக்கவசம், கண்ணாடி, நல்ல சப்பாத்து. செருப்போடு செயின் சோ (சங்கிலி வாள்) பிடிக்கிற ஆளை எவ்வளவு குறைந்த கூலிக்கு வந்தாலும் திருப்பி அனுப்புவேன். 2019 இல் செயின் சோ வைத்திருப்பவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள், அவருடைய வாள் பதிந்ததா என்று கேட்பதில் தவறில்லை. கூலியை மரக் கணக்கில் பேசாதீர்கள், நாள் கணக்கில் பேசுங்கள். மரக் கணக்கு என்றால் அவசரம் வரும், அவசரத்தில்தான் கால் போகிறது. தனி ஆளாக யாரையும் வெட்ட விட வேண்டாம். காணியில் போன் எடுக்கிற இடம் எது என்று முதலே பார்த்து வையுங்கள், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்சுக்கு வழி சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

குளவி, பாம்பு?

மலையகத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு ஆளாகி இறக்கும் செய்தி வராத வருடமே இல்லை. மரம் வெட்டும்போது ஆபத்து அதைவிடக் கூட, ஏனென்றால் கூடு இருக்கும் கிளையையே நாம் ஆட்டுகிறோம். செயின் சோவை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் முன் மரத்தைச் சுற்றி நடந்து, அண்ணாந்து ஒவ்வொரு கிளையாகப் பாருங்கள். பக்கத்து மரங்களையும் பாருங்கள். கூடு இருந்தால் அந்த மரம் இந்த வருடம் இல்லை.

பாம்பில் பயப்பட வேண்டியது குழிவிரியன். சின்னது, சருகு நிறம், அசையாமல் கிடக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் பாவிக்கும் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்வதில்லை. சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள், கட்டையைக் கம்பால் புரட்டிவிட்டுத் தூக்குங்கள்.

விழுந்த மரத்தை எப்படித் துண்டு போடுவது?

மேற்பக்கம் நின்று, நுனியிலிருந்து அடிக்கு. இரண்டு பக்கமும் தாங்கி நடுவில் தொங்கும் தண்டு என்றால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மிச்சத்தைக் கீழிருந்து மேலே அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளைக் கவ்விக்கொள்ளும். அறுக்கும் முன் கீழ்ப்பக்கம் இரண்டு முளை அடித்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது சென்ரிமீற்றர் தடிப்பில் இரண்டு மீற்றர் பச்சைக் கட்டை 120 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதையே நாற்பது சென்ரிமீற்றர் துண்டாகப் போட்டால் ஒன்று 25 கிலோ. ஓர் ஆள் தூக்கலாம், இழுக்கவே தேவையில்லை. அடுப்புக்குப் போகிற கட்டையை எதற்கு நீளமாக இறக்க வேண்டும்?

கீழே எப்படிக் கொண்டுவருவது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். சரிவைக் கெடுப்பது வெட்டுவதை விட இழுப்பதுதான்.

அவிசாவளைக்கு அப்பால் என் பெரிய மாமாவுக்கு இரண்டு ஏக்கர் பழைய இறப்பர் இருந்தது. மறுநடுகைக்காக மேல் துண்டை வெட்டியபோது நானும் போய் நின்றேன், இருபத்திரண்டு வயது. நீளக் கட்டைகளுக்குச் சங்கிலி போட்டு, மேலிருந்து றோட்டு வரை ஒரே நேர்கோட்டில் இழுத்தோம். நாற்பது ஐம்பது கட்டைகள் ஒரே தடத்தில் போனதும் தடம் பளபளவென்று மினுங்கியது, சிமெந்து போட்ட மாதிரி. வேலை சுலபமாகிறது என்று சந்தோசப்பட்டோம். வெசாக் மழை வந்தது. தண்ணீருக்கு நாங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருந்தோம். ஆடி மாதம் போய்ப் பார்க்கும்போது தடம் முழங்கால் ஆழம், பக்கச் சுவரில் இறப்பர் வேர்கள் தலைமயிர் மாதிரி தொங்கின. கீழே றோட்டுக் கானை அடைத்துக்கொண்டு எங்கள் மேல்மண் கிடந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். அது மனதை விட்டுப் போகவே இல்லை.

அதனால் நேர்கீழே இழுக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் ஒரு நடைபாதை எடுங்கள். மட்டம் பார்க்க மூன்று தடியும் ஒரு கல் கட்டிய நூலும் போதும்: இரண்டு தடியைக் கால்போல விரித்துக் கட்டி, மூன்றாவதைக் குறுக்கே கட்டி, உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால் நூல் குறுக்குத்தடியின் நடுவில் நிற்கும்போது இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படி அடையாளம் வைத்துக்கொண்டே போய், மெல்ல மெல்லக் கீழிறங்கும் வளைந்த பாதையாக எடுத்தால் தலையில் சும்மாடு வைத்துச் சுமக்கலாம், தள்ளுவண்டியும் போகும்.

பாதை எடுக்க முடியாத செங்குத்தான துண்டு என்றால் கயிறு. மேலே உறுதியான அடிக்கட்டை ஒன்றில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு நுனியில் கட்டையைக் கட்டி, மறு நுனியை மெல்ல விட்டுக்கொடுத்தால் ஓர் ஆளே பாரத்தை அடக்கி இறக்கலாம். கையில் கயிற்றைச் சுற்றிக்கொள்ள மட்டும் கூடாது. கமுக மரம் இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் வழுக்கி விடுவதும் உண்டு, மண்ணில் உராயாது. ஆனால் அடியில் மண் மூட்டை அடுக்கித் தடுப்பு வேண்டும், விடும் முன் சத்தம் போட்டுச் சொல்ல ஆள் வேண்டும். உருண்டைத் துண்டை வெறுமனே உருட்டிவிடுவது மாத்திரம் வேண்டவே வேண்டாம். 25 கிலோ கட்டை மலையில் வேகம் எடுத்தால் வேலி, சுவர் எதற்கும் நிற்காது.

வேலை முடிந்ததும் சின்னக் கிளைகளையும் இலைகளையும் எரிக்காமல், சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு முளை அடித்து வையுங்கள். வருகிற மண் அங்கே தங்கும். பாதையில் சில அடிக்கு ஒருதரம் குறுக்கே சின்னச் சால் வெட்டித் தண்ணீரைப் பக்கத்துப் புல்லுக்குள் திருப்பிவிடுங்கள்.

அடிக்கட்டையையும் வேரையும் கிளப்பி எடுத்தால் இன்னும் விறகு கிடைக்குமே?

அலவாங்கோடு சரிவில் ஏறாதீர்கள். அடிக்கட்டை அங்கேயே இருக்கட்டும்.

எந்த விறகு நன்றாக எரியும்?

எங்கள் விறகு காலையில் முதல் கிராக்கி கறுவாத் தடிக்கு. பட்டை உரித்த தடி, மெல்லியது, சீக்கிரம் காயும், நல்ல தணல். கிளப்பிப் போட்ட பழைய தேயிலைச் செடி கிடைத்தால் விடாதீர்கள், முறுக்கி வளைந்த சின்னக் கட்டைதான், ஆனால் நின்று எரியும். இறப்பர் காய்ந்தால் நல்லது, போறணைக்காரர்கள் விரும்புவார்கள், ஆனால் பச்சையாக வைத்தால் பூஞ்சணம் பிடித்துப் புழு துளைக்கும், வெட்டிய கையோடு பிளந்துவிட வேண்டும். அல்பீசியா பஞ்சு மாதிரி, பற்றும், போய்விடும்.

அலரியை அடுப்பில் வைக்காதீர்கள், அதன் புகையும் நஞ்சு. சேங்கொட்டை வகை மரங்களின் பால் பட்டால் தோல் வெந்துபோகும், புகையும் அப்படித்தான். பெயின்ற் அடித்த பழைய பலகையும் வேண்டாம்.

கொழும்பு வீட்டில் எங்கே காயவைப்பது?

கொழும்புக்குக் கொண்டுவந்து காயவைக்காதீர்கள், காணியிலேயே காயவையுங்கள். பச்சை மரத்தின் நிறையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர். லொறிக்கூலி கொடுத்துத் தண்ணீரையா ஏற்றி வருவது? பிளந்து, நிலத்தில் படாமல் இரண்டு கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். நம் காற்றின் ஈரத்துக்கு ஆறு மாதம் வைப்பது நல்லது. இரண்டு துண்டைத் தட்டினால் “டொக்” என்று அமுங்காமல் “டங்” என்று கேட்க வேண்டும், முனையில் வெடிப்பு விழுந்திருக்க வேண்டும். மாடிவீட்டுக்காரர்கள் விறகு எரிப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள், புகை போக வழியில்லாத அறையில் அது நெஞ்சைக் கெடுக்கும்.

மரத்தையே வெட்டாமல் வருடா வருடம் விறகு எடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, நான் உண்மையில் எல்லோரிடமும் சொல்ல விரும்புவது இதைத்தான். கிளிரிசீடியா, ஊரில் கினிசீரியா என்பார்கள். மிளகுக் கொடிக்கு ஆதாரமாக நடும் அதே மரம். 2005 இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அதை அறிவித்தது. சமமட்டக் கோட்டில் வேலிபோல நெருக்கமாக நட்டு, ஒரு மீற்றர் உயரத்தில் வெட்டி வெட்டி எடுத்தால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். வேர் உயிரோடு மண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தடி அடுப்புக்கு, இலை ஆட்டுக்கோ பயிருக்குப் பசளையாகவோ. மேலிருந்து வரும் மண்ணும் வேலிக்குப் பின்னால் தங்கி, சில வருடத்தில் படிபோல ஆகும்.

மாமாவின் காணியில் அந்தப் பள்ளத்தை நாங்கள் இதை வைத்துத்தான் மறித்தோம். கல்லும் கிளையும் போட்டு, இரண்டு பக்கமும் தடி நட்டோம். இப்போது அதில் மிளகு ஏறியிருக்கிறது.

நடுவதற்குப் பென்சில் மாதிரி மெல்லிய கொம்பு சரிவராது. பெருவிரலை விடத் தடித்த, முற்றிய, சாம்பல் நிறத் தடியாக ஒன்றரை மீற்றருக்கு எடுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டுங்கள், பட்டை பிளக்கக் கூடாது. அலவாங்கால் முதலில் குழி போட்டு, முழங்கை ஆழத்துக்கு இறக்கி, சுற்றி மண்ணைக் காலால் இறுக்கி மிதியுங்கள். சித்திரை மழை இரண்டு பெய்த பிறகு நட்டால் வெசாக்குக்கு இலை விட்டிருக்கும். தடி இல்லாதவர்கள் எங்கள் விறகு காலைக்கு வந்து சொல்லுங்கள், மாமாவின் காணியில் கவாத்துப் பண்ணும்போது கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து தருகிறேன்.